மலையைத் துளைத்து வந்த நீர்

மொழியை வளர்க்கும் ஒரு பேரவையின் மேடையில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. இன்று காலை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் குழாய் திறக்கப்பட்டிருக்கும். முகம் கழுவினோம், உலை வைத்தோம், செடிக்கு ஊற்றினோம். அந்த நீர் எந்த ஆற்றின் நீர் என்று யாரேனும் கேட்டால், பிரிக்பீல்ட்சில் வாழ்பவரும் கிள்ளானில் வாழ்பவரும் பெரும்பாலும் ‘குழாய்த் தண்ணீர்’ என்றே விடை சொல்வர். ஆற்றின் பெயர் அந்த விடையில் இராது.

நம் முன்னோர் இக்கேள்விக்கு இவ்வாறு விடை சொல்லியிரார். காவிரித் தண்ணீர், வைகைத் தண்ணீர், பொருநைத் தண்ணீர், ஊர்க்கிணற்று நீர், ஏரி நீர் என நீருக்குப் பிறந்த இடம் உண்டு என்பதை அவர்களுடைய பேச்சே காட்டியது. அந்தப் பெயர் நம் பேச்சிலிருந்து எவ்வாறு மறைந்தது, மறைந்ததால் நாம் எதனை இழந்தோம், அதனைத் திரும்பப் பெறுவதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பணி யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

மழை மிகுந்த ஊரின் தாகம்

கோலாலம்பூரில் ஆண்டுதோறும் பெய்யும் மழை 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். வானம் பார்த்த சீமையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோருக்கு இந்நாடு நீர் வற்றாத நாடாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வாறாயின், இத்துணை மழை பெய்யும் ஊருக்குத் தொலைவிலிருந்து நீர் கொண்டுவர வேண்டிய தேவை என்ன?

விடை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடருக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடைப்பட்ட நிலம் அகலம் குறைந்தது. ஆகவே, மலையில் பிறக்கும் கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் நெடுந்தொலைவு ஓடுவதில்லை. பெய்த மழை விரைந்து இறங்கி விரைந்து கடலைச் சேர்ந்துவிடுகிறது. மழை மிகுந்த நாளில் வெள்ளம். நான்கு வாரம் மழை பொய்த்தால் ஆற்றின் மட்டம் சரிவு. 1926இலும் 1971இலும் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 1998இல் எல் நினோ வறட்சியால் அதே நகரில் தண்ணீர் பங்கிட்டு வழங்கப்பட்டது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக உலகை வரவேற்கத் தயாராகிக் கொண்டிருந்த ஆண்டில், நகர மக்கள் வாளிகளோடு தண்ணீர் வண்டியை எதிர்நோக்கி நின்றனர்.

ஆக, மழையின் அளவு மட்டும் ஓர் ஊரின் தாகத்தைத் தீர்ப்பதில்லை. பெய்த நீரை நிறுத்தவும், நிறுத்திய நீரைக் கொண்டுவரவும், கொண்டுவந்த நீரைப் பகிரவும் ஓர் ஏற்பாடு வேண்டும். ஏரியும் கண்மாயும் வெட்டி வாழ்ந்த தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று.

அம்பாங் முதல் சிலாங்கூர் ஆறு வரை

கோலாலம்பூர் என்னும் பெயரே நீரைச் சுட்டும் பெயர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்று முகம் என்பது அதன் பொருள். 1857இல் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் ஏறி வந்தவர்கள் அந்தக் கூடலில் இறங்கி அம்பாங் நோக்கி நடந்தனர். அம்பாங் என்னும் பெயரும் நீரோடு தொடர்புடையதே. அணை, தடுப்பு எனப் பொருள்படும் ‘எம்பாங்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஈயம் அலசுவதற்காக ஓடைகளை மறித்துக் கட்டிய தடுப்புகள் அவ்வூருக்குப் பெயராயின.

அன்று ஆறே சாலை, ஆறே கிணறு, ஆறே சாக்கடை. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரைத் தீ அழித்தது; அவ்வாண்டின் முடிவில் வெள்ளம் அழித்தது. அத்தாப்பு வேய்ந்த குடில்கள் போய்ச் செங்கல் கட்டடங்கள் எழவேண்டும் என்னும் முடிவு அதன் பின்னரே வந்தது. அச்செங்கற்களுக்குக் களிமண் தந்த ஆற்றோர நிலமே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என்றழைக்கும் பகுதி. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. நகரம் வளர்ந்தது, ஆற்றுநீர் குடிக்கத் தகாததாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அம்பாங் மலையடிவாரத்து ஓடைநீரைத் தேக்கிக் குழாய்வழியே நகருக்குக் கொண்டுவரத் தொடங்கினர். நகரம் தன் காலடியில் ஓடும் ஆற்றை விட்டு மலையை நோக்கித் திரும்பிய முதல் அடி அது.

கிள்ளானில் அதே காலத்தில் நீரின் இன்னொரு முகம் தெரிந்தது. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியாக் காய்ச்சல் முடக்கியது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் தேங்கிய நீரை வடிகால் வெட்டி வடித்தால் காய்ச்சல் தணியும் எனக் கண்டு செயற்படுத்தினார். சாலையிலும் தோட்டத்திலும் இருப்புப்பாதையிலும் வடிகால் வெட்டிய உழைப்பில் தமிழர் கைகளுக்குப் பெரும்பங்குண்டு. நல்ல நீரைக் கொண்டுவருவதும் தீய நீரை வெளியேற்றுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதைக் கிள்ளான் அன்றே கற்றுத்தந்தது.

1957இல் விடுதலை பெற்றபோது கோலாலம்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,16,000. மறு ஆண்டிலேயே கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது. தாமான் மெலாவத்தியை அடுத்து நீண்டு நிற்கும் படிகப்பாறை முகட்டை ஆறு பிளந்துகொண்டு இறங்கும் இடத்தில் அவ்வணை நிற்கிறது. ஆறே திறந்த வாயிலை மனிதர் அடைத்தனர் எனலாம். ஆனால் மக்கள்தொகை அவ்வணையோடு நின்றுவிடவில்லை. ஆகவே லங்காட் ஆற்றிலும் செமினி ஆற்றிலும் பத்து ஆற்றிலும் அணைகள் எழுந்தன. அவையும் போதாமற்போகவே, வடக்கே சிலாங்கூர் ஆற்றை நாடினர். 1990களிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் அந்த ஆற்றுப்படுகையில் சுங்கை திங்கி அணையும் சிலாங்கூர் ஆற்றணையும் கட்டப்பட்டன. இன்று கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் கிடைக்கும் நீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றின் நீரே.

இவ்வரலாற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நகரம் தன் நீரைத் தேடி மேலும் ஒரு பள்ளத்தாக்கு தள்ளிப் போயிருக்கிறது. போகப் போக, நீரைத் தரும் இடத்தாரும் நீரைப் பெறும் இடத்தாரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஆயினர். சிலாங்கூர் ஆற்றணைக்காகக் கெராச்சி, பெர்த்தாக் என்னும் சிற்றூர்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் இடம்பெயர்ந்தனர். பிரிக்பீல்ட்சின் குழாயில் வரும் நீரில் அவர்களுடைய காடும் கல்லறையும் கலந்திருக்கின்றன. அச்சிற்றூர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அணை என்பது ஆக்கம் மட்டும் தருவதன்று என்பதற்கும் அதே வட்டாரத்தில் பழைய சான்று உண்டு. 1883இல் கோலகுபுவில் இருந்த பழைய அணை உடைந்து ஊரை அழித்தது. அங்குப் பணியிலிருந்த ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங்கும் அவ்வெள்ளத்தில் மாண்டார். பின்னாளிலும் வெள்ளமும் வண்டலும் தொடர்ந்ததால் ஊரே இடம் மாறிக் கோலகுபு பாரு ஆயிற்று. தேக்கிய நீருக்குக் காவல் வேண்டும் என்னும் பாடம் அந்த ஊரின் பெயரில் ‘பாரு’ என்னும் ஒரு சொல்லாக, புதிய ஊர் என்னும் பொருளில், இன்றும் நிற்கிறது.

மலைக்கு அடியில் ஓர் ஆறு

நகருக்கு நீர் கொண்டுவரும் பெருவழி என்றதும் பலருக்கு உரோமாபுரியின் வளைவுப் பாலங்கள் நினைவுக்கு வரும். கி.மு. 312இல் தொடங்கி உரோமர் தம் தலைநகருக்குப் பதினொரு நீர்வழிகளை அமைத்தனர். அவற்றின் நீளத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலேயே சென்றது. கண்ணைக் கவரும் வளைவுப் பாலங்கள் சிறுபகுதியே. நம் குமரி மாவட்டத்தில் 1966இல் கட்டப்பட்ட மாத்தூர்த் தொட்டிப்பாலம் அவ்வகையில் வந்த ஒன்று. பள்ளத்தாக்கின் குறுக்கே 115 அடி உயரத்தில் தொட்டி போன்ற வாய்க்கால் நீரைச் சுமந்து செல்கிறது. பிற மொழிச் சொல்லைத் தேடாமல், கண்ட காட்சியைக் கொண்டே ‘தொட்டிப்பாலம்’ என்று மக்கள் பெயரிட்டனர். அப்பெயரைக் கேட்டதும் அதன் வேலை விளங்கிவிடுகிறது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இத்தகைய பெருவழி ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஏனெனில் அது மலைக்கு அடியில் ஓடுகிறது. பகாங் மாநிலத்தில் செமந்தான் ஆறு தெமர்லோவில் பகாங் ஆற்றோடு கலந்து கிழக்கே தென்சீனக் கடலை நோக்கி ஓடுவது. அந்த ஆற்றின் நீரை இறைத்து, குழாய்வழியே மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, தித்திவங்சா மலைத்தொடரைத் துளைத்த சுரங்கத்தின் வழியே உலு லங்காட்டில் சேர்க்கும் திட்டமே பகாங்-சிலாங்கூர் நீர்க்கொணர்வுத் திட்டம். சுரங்கத்தின் நீளம் 44.6 கிலோமீட்டர், விட்டம் 5.2 மீட்டர். 2009இல் தொடங்கி 2014இல் துளைப்பு முடிந்தது. ஏறத்தாழ 35 கிலோமீட்டரை மூன்று பெரிய துளைப்பு எந்திரங்கள் குடைந்தன. எஞ்சியதில் பெரும்பகுதியை வெடிவைத்துப் பெயர்த்தெடுத்தனர். ஓரிடத்தில் சுரங்கத்தின் தலைமேல் 1,200 மீட்டருக்கும் அதிகமான பாறை நிற்கிறது. அத்துணை ஆழத்தில் பாறையே கொதிக்கும், அழுத்தம் தாங்காமல் சிதறும், வெந்நீர் பீறிடும். அவ்விடத்தில் மனிதர் நின்று வேலை செய்தனர் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சுரங்கத்துக்குள் நீரைத் தள்ளும் எந்திரம் எதுவும் இல்லை. நுழைவாயில் சற்று மேடு. வெளிவாயில் சற்றுப் பள்ளம். அச்சிறு சரிவே நீரை நடத்துகிறது. நாளொன்றுக்கு 1,890 மில்லியன் லிட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 22,000 லிட்டர் நீரைக் கொணரும் அளவில் அது அமைக்கப்பட்டது. வாய்க்காலில் நீர் ஓடச் சரிவு பார்த்து மண்ணை வெட்டிய நம் ஊர்க் குடியானவரின் கணக்கும் இதுவே. அளவு வேறு, அறிவு ஒன்று.

தமிழ் மாணவருக்கு இங்கே இன்னொரு நினைவு எழ வேண்டும். 1895இல் பென்னிக்குவிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த ஒரு சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைக்குத் திருப்பியது. அந்தச் சுரங்கம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவானது. ஆயினும் அது மதுரைச் சீமையின் வயிற்றை நிரப்பியது. அங்கே மேற்கு நீர் கிழக்கே வந்தது. இங்கே கிழக்கு நீர் மேற்கே வந்தது. இரண்டிலும் மலை ஒன்றே தடை; இரண்டிலும் சுரங்கமே வழி. மற்றோர் ஒப்புமையும் உண்டு. பெரியாற்று நீர் இரு மாநிலங்களுக்கு இடையே இன்றளவும் பேசப்படும் பொருளாக இருப்பதை அறிவோம். மலேசியாவிலும் நீர்வளம் மாநிலங்களுக்கு உரியது. மலை துளைக்கப்பட்ட பின்னரும் அதன் நீர் உடனே குழாய்க்கு வந்துவிடவில்லை. அந்நீரைச் சுத்திகரிக்கும் லங்காட் 2 ஆலையைப் பற்றி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நெடுநாள் உடன்பாடு எட்டவில்லை. சுரங்கம் முடிந்து சில ஆண்டுகள் கடந்த பின்னரே அவ்வாலை இயங்கத் தொடங்கியது. துளைப்பு முடிந்த அதே 2014இல்தான் சிலாங்கூர் மக்கள் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீட்டில் வாடினர். பாறையைத் துளைக்க ஐந்தாண்டு போதுமானதாயிருந்தது. மனிதர் ஒப்புக்கொள்ள அதனினும் நீண்ட காலம் வேண்டியிருந்தது.

இத்திட்டத்திற்காகப் பகாங்கில் கெலாவ் ஆற்றின் குறுக்கே ஓர் அணையும் எழுந்தது. அங்கும் பூர்வகுடியினர் இடம்பெயர நேர்ந்தது. நகரம் நீர் குடிப்பதற்காக ஊர் விட்டு ஊர் போனவர்களின் வரலாறு நீர்வழியின் வரலாற்றில் ஒரு பகுதியே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் உடைய நம் சமூகத்திற்கு, அந்த வலி தெரியாதது அன்று.

தேற்றிய நீர்

மலையைக் கடந்து வந்த நீர் அப்படியே குடிக்கத் தக்கதன்று. சுத்திகரிப்பு ஆலையில் முதலில் படிகாரம் போன்ற பொருளைச் சேர்க்கின்றனர். நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரளாகின்றன. திரண்டவை கனத்து அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீரை மணற்படுகை வழியே வடிக்கின்றனர். பின்னர்க் குளோரின் சேர்த்து நோய்க்கிருமிகளை அழிக்கின்றனர். அதன் பின்னரே நீர் மேட்டுத் தொட்டிகளுக்கு ஏறிக் குழாய்களில் இறங்குகிறது.

இம்முறையின் முதற்படி நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததே. கலங்கிய நீரைக் குடத்தில் ஊற்றுமுன், குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பர். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கி நீர் தெளியும். நீரைத் தெளிவிப்பதற்கும் கலங்கிய மனத்தை ஆற்றுவதற்கும் தமிழ் ‘தேற்றுதல்’ என்னும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அறிவியல் வகுப்பில் இந்த ஒரு சொல்லைச் சொன்னால், மாணவன் பாடத்தையும் மறக்கமாட்டான், மொழியையும் மறக்கமாட்டான்.

ஆனால் தேற்ற முடியாத கலக்கமும் உண்டு. படிகாரமும் மணலும் சேற்றை நீக்கும். ஆற்றில் கொட்டப்பட்ட எல்லா வேதிப்பொருளையும் நீக்கா. லங்காட் ஆற்றில் அம்மோனியா அளவு மிகுந்ததால் சுத்திகரிப்பு ஆலைகளை மூட நேர்ந்தது பன்முறை. 2020 செப்டம்பர் தொடக்கத்தில், ரவாங் அருகே கோங் ஆற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றைச் சேர்ந்தது. அந்த ஆற்றை நம்பிய நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் ஒருசேர மூடப்பட்டன. ஏறத்தாழ 1.2 மில்லியன் நீர்க் கணக்குகள் வறண்டன. கொரோனாத் தொற்றுக் காலத்தில், அடிக்கடி கைகழுவுங்கள் என்று அரசு அறிவுறுத்திய அந்நாளில், கை கழுவ நீர் இல்லாமற்போயிற்று.

அந்நாளில் பலர் முதன்முறையாகக் கோங் ஆறு என்னும் பெயரைக் கேட்டனர். பெயர் தெரியாத ஒரு சிற்றாற்றின் கரையில் யாரோ செய்த குற்றம், கிள்ளானில் ஒரு சமையலறையை முடக்கியது. நீர்வழி நீள நீள, தவறு நேரக்கூடிய இடங்களும் பெருகுகின்றன. அவ்விடங்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் மக்கள் இல்லையெனில், அங்கே கண்காணிப்பும் இராது, கேள்வியும் எழாது.

இழப்பு ஆற்றில் மட்டும் நிகழ்வதில்லை. இத்துணை உழைப்பால் கொண்டுவந்து தெளிவித்த நீரில், சிலாங்கூர்-கோலாலம்பூர்ப் பகுதியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கசிவாலும் களவாலும் அளவுக்கருவிப் பிழையாலும் கணக்கில் வராமற்போகிறது. மண்ணுக்கடியில் முதுமையடைந்த குழாய்கள் இதற்குப் பெருங்காரணம். இது புதிய குறையும் அன்று. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியின் நீர் ஆணையராக இருந்த பிரான்டினசு, நீர்வழிகளிலிருந்து கள்ளத்தனமாகக் குழாய் பொருத்தி நீர் எடுத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தொலைவிலிருந்து நீர் வரும் ஊரில், நீரைக் காப்பதும் கணக்கு வைப்பதும் கொண்டுவருவதற்கு ஈடான வேலைகள்.

சொல் எதற்கு?

இவ்விடத்தில் நம் மொழியிடம் திரும்புவோம். நீரைப் பற்றித் தமிழில் எத்தனை சொற்கள் உள என்று பட்டியலிட்டுப் பெருமைகொள்வது நம் நோக்கமன்று. அச்சொற்கள் என்ன வேலை செய்தன என்பதே நமக்கு வேண்டியது.

ஏரியிலிருந்து நீர் வெளியேறும் வாய்க்கு மடை, மதகு, தூம்பு என்று பெயர். நிறைந்த ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் இடம் கலிங்கு. நிலத்தடி வழிக்குச் சுருங்கை என்பது பழம்பெயர். சுருங்கை வழியே நீர் பாயும் காட்சியைப் பரிபாடல் காட்டுகிறது. வயலுக்கு வயல் நீரை முறைப்படி திறந்துவிடும் பணியாளர் நீர்க்கட்டி எனப்பட்டார். ஏரியைப் பேணும் ஊர்க்குழு ஏரி வாரியம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அவ்வாரியத்தைப் பற்றியும் அதற்குரியோரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றியும் கூறுகின்றன. வாய்க்காலைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஊரார் கூடிச் செய்த உழைப்பு குடிமராமத்து.

இச்சொற்களை உற்றுநோக்குங்கள். ஒவ்வொன்றும் ஓர் இடத்தையோ ஒரு பொறுப்பையோ சுட்டுகிறது. மடை அடைபட்டால் எவ்விடத்திற்குப் போகவேண்டும் என்பது தெரியும். நீர் வரவில்லையெனில் நீர்க்கட்டியைக் கேட்கலாம். கரை உடைந்தால் வாரியம் விடை சொல்லவேண்டும். சொல் தெரிந்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் தெரிந்திருந்தது. அந்தப் பழைய ஏற்பாட்டில் சாதியின் அநீதியும் இருந்தது. எல்லார் நிலத்துக்கும் நீர் ஒரே முறையில் பாயவில்லை. எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளவும் முடியவில்லை. அதனை மறைக்க வேண்டியதில்லை. குழாய் அந்தக் கொடுமையின் ஒரு பகுதியை உடைத்தது. குழாய் முன் நிற்பவரின் குலத்தைக் குழாய் கேட்பதில்லை. இது குழாய் தந்த பெரும் நன்மை.

அந்நன்மையோடு ஓர் இழப்பும் வந்தது. குழாய் நீரைத் தந்து, நீரின் வழியை மறைத்துவிட்டது. இன்று நீர் வராத நாளில் நாம் அறிந்த சொற்கள் இரண்டே: ‘தண்ணி வெட்டு’, ‘தண்ணி பில்லு’. முன்னது குறையைச் சொல்கிறது. பின்னது விலையைச் சொல்கிறது. வழியைச் சொல்லும் சொல் எதுவும் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. வழி தெரியாதவர் வறண்ட நாளில் சினம் கொள்ளலாம். ஆனால், வறட்சி வருமுன் யாரிடம் என்ன கேட்பது என அறியார்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுவே: நீரின் வழியைப் பெயர் சொல்லி அறிவது, அதனைக் காப்பதற்கு முதற்படி. பழைய சொற்கள் எல்லாம் புதிய பொறியியலுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நாம் கருதவில்லை. 44.6 கிலோமீட்டர் மலைச்சுரங்கத்தைச் சுருங்கை என்றழைக்கலாம், அழைக்காமலும் விடலாம். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவருடைய நிலத்தைக் கடக்கிறது, எவர் அதற்குப் பொறுப்பு என்பவற்றைத் தமிழில் சொல்லத் தெரியாத மாணவன், அந்நீரைக் குடித்தும் அந்நாட்டில் விருந்தினனாகவே இருப்பான்.

வகுப்பறையின் பணி

இதனைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எளிதில் செய்யலாம்; பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலாவதாக, ஒவ்வொரு பள்ளியும் தன் குழாயில் வரும் நீர் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது, அந்த ஆலைக்கு எந்த ஆற்று நீர் போகிறது எனக் கேட்டறியட்டும். அந்த ஆற்றின் பெயரை வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இரண்டாவதாக, அந்த ஆற்றின் வழியை மாணவர்கள் தாமே வரைபடமாக வரையட்டும். மலை, அணை, ஆலை, தொட்டி, குழாய் என ஒவ்வோர் இடத்திற்கும் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் எழுதட்டும். கோலாலம்பூர், அம்பாங் போன்ற மலாய்ப் பெயர்களுக்குள் நீர் எவ்வாறு ஒளிந்திருக்கிறது என்பதை அப்போது அவர்களே கண்டுபிடிப்பர். இவ்விரு மொழிகளும் ஒரே ஆற்றின் கரையில் நின்று பேசுகின்றன என்பதும் விளங்கும்.

மூன்றாவதாக, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் நீர் எங்கிருந்து வந்தது? பொதுக் குழாயில் யார் முதலில் பிடிப்பர்? 1998இல் வீட்டில் எத்தனை தொம்பு வைத்திருந்தீர்கள்? அவ்விடைகளை எழுதி வைத்தால், நம் சமூகத்தின் நீர் வரலாறு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு நூலாகச் சேரும். இவ்வரலாற்றை நமக்காக வேறு எவரும் எழுதித் தரமாட்டார்கள்.

நான்காவதாக, கணக்குப் பாடத்தில் வீட்டு நீர்க் கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 200 லிட்டருக்கும் மேல் நீரைச் செலவிடுகிறார். தன் வீட்டின் கணக்கை மாணவன் போட்டுப் பார்க்கட்டும். பல் துலக்கும்போது குழாயை மூடு என்று நூறு முறை சொல்வதைவிட, அவன் தானே போட்ட ஒரு கணக்கு அதிகம் கற்பிக்கும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராகவும், வேதியியல் ஆய்வாளராகவும், சட்டம் பயின்றோராகவும், ஆற்றங்கரையில் தொழிற்சாலை நடத்துவோராகவும் ஆகலாம். அந்நாளில் செமந்தான், கெலாவ், சிலாங்கூர், லங்காட், கோங் என்னும் பெயர்கள் உங்களுக்கு வெறும் ஒலியாக இராமல், நீங்கள் குடித்து வளர்ந்த நீரின் பெயர்களாக இருக்கவேண்டும். கழிவைத் திறந்துவிடும் குழாயின் திருகில் கைவைக்கும் மனிதனுக்குக் கீழே ஓடும் ஆற்றின் பெயரும், அதன் நீரைக் குடிக்கும் குழந்தைகள் பயிலும் பள்ளியின் பெயரும் தெரிந்திருந்தால், அந்தக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தைச் சட்டம் ஓரளவே தரும். எஞ்சியதைத் தருவது கல்வி.

மலையைத் துளைத்து வந்த நீர் நம் வாசலில் நிற்கிறது. அதன் பெயரைக் கேட்டு வரவேற்பது நம் கடமை.